ஒழுகாத டேங்க்கில் ஒழுகிய தண்ணீர்: ஒரு உணவு வண்டியின் ஏர் பைப் கதை

பின்னணி

மண்டபம் பக்கம் பம்பு, பிளம்பிங் வேலை பார்ப்பவன் நான். இது என்னிடம் வந்த ஒரு குட்டியானை வண்டியைப் பற்றிய பதிவு. வண்டிக்குச் சொந்தக்காரர்கள் ஒரு கணவனும் மனைவியும். பின்பக்கத்தைத் தகடு அடித்துக் கூடாக்கி, உள்ளே அடுப்பு, மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்து நடமாடும் கடை நடத்துகிறார்கள். வார நாட்களில் பாம்பன், தங்கச்சிமடம் ரோட்டோரம் நிற்பார்கள். விடுமுறை என்றால் அரியமான் கடற்கரை, சவுக்குத் தோப்பு ஓரம். டீ, வடை, பொரித்த மீன்.

இந்தக் கரையில் கடை வைப்பவருக்குத் தண்ணீர்தான் முதல் சரக்கு. பாம்பன் தீவில் மணலுக்கு அடியில் மழைநீர் மெல்லிய அடுக்காக உப்புநீரின் மேல் மிதக்கிறது. கொஞ்சம் அதிகமாக இறைத்தால் உப்பு மேலேறிவிடும். வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் ஊறுகிறது என்று வெளியூர்க்காரர்கள் வியந்து பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்களோ குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருப்பார்கள். இவர்களும் நல்ல தண்ணீரை விலைக்குத்தான் வாங்குகிறார்கள். சிந்தினால் காசு போவதோடு முடியாது. உப்புக்காற்று படிந்த தகட்டின் மேல் நல்ல தண்ணீர் சொட்டினாலும் அது உப்புத் தண்ணீராகிவிடும். தரை துருப்பிடிக்க ஒரு மழைக்காலம் கூட வேண்டாம்.

டேங்க்கின் விவரம்: பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) ஷீட்டை வெல்டிங் செய்து ஒரு பட்டறையில் செய்தது. வண்டியின் நீளவாக்கில் 120 செ.மீ., அகலம் 60, உயரம் 45. கணக்குப்படி 324 லிட்டர். டிரைவர் கேபினை ஒட்டி, மேடைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஒரு மூடி, கீழே ஒரு அவுட்லெட், அதிலிருந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளும் 12 வோல்ட் டயாபிரம் பம்பு. வெளியிலிருந்து நிரப்ப மூடியில் ஒரு நிப்பிள் (ஓஸ் மாட்டும் குட்டைக் குழாய்) வைத்து, தண்ணீர் தருபவரின் ஓஸை அதில் இறுக்கி மாட்டும்படி செய்திருந்தார்கள். காற்றுக்காக மூடியில் 6 மி.மீ. துளை ஒன்று.

முதல் ஒழுக்கும் முதல் அடைப்பும்

புது வண்டி ஓடிய முதல் வாரத்திலேயே அந்தத் துளை வழியாகத் தண்ணீர் தெறித்தது. டேங்க் நிறைந்திருக்கும்போது பிரேக் போட்டால் தெறிக்கத்தான் செய்யும். வண்டிக்காரர் ஒரு வேப்பங்குச்சியைச் சீவி, துளையில் அடித்து இறக்கி, மேலே எம்-சீல் பூசிவிட்டார். ஒழுக்கு நின்றது. ஓட்டையை அடைத்தால் ஒழுக்கு நிற்கும் என்பது நம் எல்லாருக்கும் இருக்கும் வீட்டுப் பழக்கம்தானே. அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் ஆரம்பித்தது வேறு பிரச்சினை. காலையில் குழாய் நன்றாக வரும். பத்துப் பதினைந்து குடம் தண்ணீர் போனபின் நூலாக இறங்கும். பம்பு முனகும். மூடியைத் திறந்தால் 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போகும், குழாய் மறுபடி பாயும். டேங்க்கின் மேல்தகடு பசியெடுத்த வயிறு மாதிரி உள்வாங்கி இருந்ததை அவர் மனைவிதான் முதலில் கவனித்தார்.

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. வெளியே போகும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் ஒரு லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். டின் என்றால் 'கொடக் கொடக்' என்று தானாகவே காற்றை இழுத்துக்கொள்ளும். இங்கே பம்பு இருக்கிறது. இந்த வகைப் பம்பு 2 மீட்டர் ஆழத்திலிருந்தே தண்ணீரை உறிஞ்சிவிடும். அதே உறிஞ்சலை அடைத்த டேங்க்கின் மேல் காட்டினால், 120க்கு 60 செ.மீ. மேல்தகட்டை வெளிக்காற்று ஏறக்குறைய 1,400 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். அந்த அளவுக்கு அது போகவில்லை. போயிருந்தால் தகடு கிழிந்திருக்கும். மூடியின் ரப்பர் வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போனதால் தப்பியது. ஆனால் தினமும் உள்ளே போய் வெளியே வந்து, மேல்தகட்டின் வெல்டிங் முன்பக்க விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விழுந்துவிட்டது. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது வைத்தியம்

இரண்டு மாதம் கழித்து வேறொரு மெக்கானிக் பார்த்தார். நோயைச் சரியாகத்தான் சொன்னார்: 'ஏர் இல்லை.' டேங்க்கின் மேல், முன்பக்க மூலையில் துளைபோட்டு ஒரு நிப்பிள் வைத்தார். வீட்டு பிவிசி பைப் ஒட்டும் சொல்யூஷனைப் போட்டு ஒட்டினார். அதில் அரை இன்ச் லெவல் டியூப் ஒன்றை மாட்டினார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் அதே பிளாஸ்டிக் டியூப்தான். அதை மேடைக்கு அடியிலேயே கொண்டுபோய், சிலிண்டர் வைக்கும் சட்டத்தைச் சுற்றி, தரையில் துளைபோட்டு வண்டிக்கு அடியில் விட்டார். தெறித்தாலும் ரோட்டில் போகட்டும் என்பது யோசனை. யோசனை கெட்டதில்லை.

ஆனால் அது முந்தையதை விட மோசமாகிவிட்டது. ஓடும்போது டியூப் வழியாகத் தண்ணீர் கொட்டியது. குழாய் பழையபடி மெலிந்தது. கேபினுக்குப் பின்னால் தரை எப்போதும் ஈரம். இதையெல்லாம் விட விசித்திரமாக ஒன்று: நிறுத்திவைத்த வண்டியிலும் மத்தியான வெயிலில் டியூப் நுனியில் தண்ணீர் சொட்டியது. காலையில் சொட்டுவதில்லை.

வண்டி என்னிடம் வந்தபோது

"அண்ணே, டேங்க் ஒழுகுது. ஆனா எங்கேன்னு தெரியல. புது டேங்க்கே போட்டுரலாமா?" என்றுதான் வந்தார்.

புது டேங்க் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் ஒரு ராத்திரி சோதனை செய்தோம். டேங்க்கை நிரப்பி, வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, அடியில் பழைய தினத்தாளை விரித்துவிட்டோம். காலையில் தாள் காய்ந்தே இருந்தது. ஆகவே அடியும் பக்கங்களும் நன்றாக இருக்கின்றன. நிற்கும்போது ஒழுகாமல் ஓடும்போது மட்டும் ஒழுகுகிறது என்றால், ஓட்டை நீர்மட்டத்துக்கு மேலே எங்கோ இருக்கிறது.

அடுத்து அந்த லெவல் டியூப். சிலிண்டர் சட்டத்தைச் சுற்றும் இடத்தில் டியூப் தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தது. அந்தத் தொய்வில் தண்ணீர் நின்றது. கண்ணாடி டியூப் என்பதால் பம்பைப் போட்டதும் நடப்பதை நேரே பார்க்க முடிந்தது. டேங்க் பக்கத்துத் தண்ணீர் மேலே ஏறியது, வெளிப்பக்கத்துத் தண்ணீர் இறங்கியது. இரண்டுக்கும் வித்தியாசம் 11 செ.மீ. ஆனதும் 'கொடக்' என்று ஒரு குமிழி உள்ளே போனது. மறுபடி முதலிலிருந்து. அந்த மெக்கானிக் தன்னை அறியாமலே ஒரு அழுத்தமானியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு அது பெரிய உதவி.

11 செ.மீ. தண்ணீர் என்பது கேட்கச் சின்ன விஷயம். மேல்தகட்டின் பரப்பு 0.72 சதுர மீட்டர். பெருக்கினால் 79 கிலோ. ஒவ்வொரு தடவை குழாயைத் திறக்கும்போதும் ஒரு ஆள் டேங்க் மேல் ஏறி நின்று இறங்குவது மாதிரி.

மத்தியானச் சொட்டுக்கும் விடை இதிலேயே இருந்தது. டேங்க்கில் பாதி காற்று, சுமார் 150 லிட்டர் என்று வையுங்கள். காலையில் 30 டிகிரியாக இருந்த கூடு மத்தியானம் 45 ஆனால், அந்தக் காற்று 7 லிட்டருக்கு மேல் விரியும். வெளியேற ஒரே வழி டியூப். வழியில் தண்ணீர் நின்றால் அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். டியூப்பில் நின்ற தண்ணீரைத்தான் வெயில் வெளியே தள்ளியிருக்கிறது.

கோலமாவுச் சோதனை

ஓடும்போது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வண்டிக்காரர் மனைவியிடம் கோலமாவு வாங்கினேன். டேங்க்கின் மேல்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மூடியைச் சுற்றியும், நிப்பிளைச் சுற்றியும், வெல்டிங் விளிம்பு நெடுகவும் மெல்லியதாகத் தூவினோம். ஈரம் பட்ட இடம் உடனே கருத்துக் காட்டிவிடும். டேங்க்கை நிறைத்துக்கொண்டு பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஒரு நடை போய்த் திரும்பினோம்.

1988-இல் திறந்த அந்தப் பாலம் இந்தச் சோதனைக்காகவே கட்டியது போல இருக்கிறது. படகுகள் கீழே போவதற்காக நடுவில் முதுகு தூக்கியிருக்கும். ஏறும்போது டேங்க் பின்பக்கம் சாயும், இறங்கும்போது முன்பக்கம். உச்சியில் ரயில் பாலத்தைப் பார்க்க நிற்கும் சுற்றுலா வண்டிகளால் திடீர் பிரேக் கட்டாயம் உண்டு. குறுக்குக் காற்றில் கூடு கட்டிய வண்டி ஆடவும் செய்யும்.

திரும்பி வந்து பார்த்தபோது மாவில் மூன்று இடம் நனைந்திருந்தன. மூடியின் ரப்பர் ஓரம். சொல்யூஷன் போட்டு ஒட்டிய நிப்பிளின் அடி. பிறகு, முன்பக்க விளிம்பில் அந்த மயிரிழை விரிசல். 'ஒரு ஒழுக்கு' என்று இவ்வளவு நாள் தேடியது மூன்று ஒழுக்குகளாக இருந்தது. அதனால்தான் ஒன்றைச் சரிசெய்த பிறகும் தரை நனைந்தது.

நிப்பிள் விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிவிசி சொல்யூஷன் பிவிசியைக் கரைத்து ஒன்றாக்கும் பொருள். பிபி அதில் கரையாது. பூசினால் காய்ந்து, ஒட்டியது போல நடிக்கும், அவ்வளவுதான். விரல் நகத்தால் நெம்பியதும் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது.

முடிவுகளும் காரணங்களும்

முதலில் முடிவு செய்தது, ஏர் பைப், அதாவது டேங்க்குக்குக் காற்று போய்வரும் குழாய், எந்த இடத்தில் கிளம்ப வேண்டும் என்பது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி சுமார் 20 மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் நீர்மட்டம் 10க்கு 3 என்ற சாய்வில் நிற்கும். 120 செ.மீ. நீளமுள்ள டேங்க்கில் அது முன்சுவரில் 18 செ.மீ. ஏற்றம், பின்சுவரில் 18 செ.மீ. இறக்கம். நட்டநடுவில் மட்டும் மாற்றம் இல்லை. ஊஞ்சல் பலகையில் நடுவில் உட்காருபவர் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பழைய நிப்பிள் இருந்ததோ முன்மூலையில். வேறு எங்கே வைத்திருந்தாலும் அதைவிட நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது, எவ்வளவு நிரப்புவது. மேல் 5 செ.மீ. காலியாக விட வேண்டும் என்றேன். அது 36 லிட்டர். வண்டிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "முப்பத்தாறு லிட்டர்னா எத்தனை டீ தெரியுமாண்ணே?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் காகிதத்தில் போட்டுக் காட்டினேன்: 5 செ.மீ. விட்டால், மேலே சொன்ன பிரேக்கில் காற்று முழுக்கப் பின்பக்கம் ஒதுங்கி, பின்சுவரிலிருந்து 63 செ.மீ. வரை நிற்கும். நடு என்பது 60 செ.மீ. அதாவது பைப்பின் வாய் மயிரிழையில் காற்றுக்குள் தப்பிக்கிறது. இன்னும் பலமாக, 12 அல்லது 13 மீட்டரில் நிற்கும்படி பிரேக் போட்டால் வாய் மூழ்கும், ஆனால் அதன் மேல் 5, 6 செ.மீ. தண்ணீர்தான் நிற்கும். பைப்பில் அந்த உயரம் ஏறி, திரும்ப இறங்கிவிடும். விளிம்பு வரை நிரப்பினால் இந்தக் கணக்கு எதுவும் வேலை செய்யாது. வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்.

பைப்பின் பாதை. கீழே இறக்கி ரோட்டில் விடுவதற்குப் பதிலாக, மேலே ஏற்றிக் கூரைக்கு அடியில் கொண்டுபோனோம். நடுவில் வைத்த நிப்பிளிலிருந்து மேடைக்கு அடியில் இடது சுவர் வரை 30 செ.மீ. போக வேண்டும். அந்த நீளத்தில் 3 செ.மீ. ஏற்றம் கொடுத்தோம். அங்கிருந்து செங்குத்தாக 110 செ.மீ. ஏறி, கூரைக்குக் கீழே சுவரைத் துளைத்து வெளியே. வெளியே ஒரு எல்போ, வாய் கீழ்நோக்கியும் பின்நோக்கியும். பைப் நெடுக ஒரு சொட்டு விழுந்தாலும் அது டேங்க்குக்கே திரும்ப வேண்டும், எங்கேயும் தங்கக் கூடாது என்பதுதான் விதி. ஏர் பைப்பில் தொய்வு என்பது அடைப்புக்கு இன்னொரு பெயர்.

பைப்பை வண்டிக்குள்ளேயே முடித்திருக்கலாம். எண்ணெய்ப் புகையும் மாவுத்தூளும் பறக்கும் இடத்தில் குடிதண்ணீர் டேங்க் மூச்சு விடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

விட்டம். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரை இன்ச் டியூப்பே காற்றுக்குத் தாராளமாகப் போதும். நிரப்பும்போது நிமிடத்துக்கு 40 லிட்டர் வந்தாலும் அரை இன்ச்சில் ஏறும் அழுத்தம் ஒன்றிரண்டு செ.மீ. தண்ணீர் அளவுதான். அந்த டியூப்பின் குற்றம் அளவு இல்லை, தொய்வு. ஆனாலும் நான் ஒரு இன்ச் சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிவிசி வகை) பைப் போட்டேன். சின்ன பைப்பில் தெறித்த தண்ணீர் முழு அடைப்பாக நின்றுகொள்ளும். ஒரு இன்ச்சில் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து இறங்க, காற்று பக்கத்திலேயே போய்வரும்.

நிரப்பும் வழி. பழைய ஏற்பாட்டில் ஓஸை இறுக்கி மாட்டுவதுதான் எனக்கு மிகவும் பயம் தந்தது. காற்று போவதற்காக வைத்த வழி, டேங்க் நிறைந்த நொடியில் தண்ணீர் போகும் வழியாக மாறுகிறது. 6 மி.மீ. துளையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்று போனால் 10 செ.மீ. தண்ணீர் அழுத்தத்துக்குள் அடங்கும். அதே அளவு தண்ணீர் அதில் போகவே போகாது. மோட்டாரின் முழு அழுத்தமும் தகட்டின் மேல் விழும். அரை எச்.பி. மோட்டார் ஒன்று நிமிடத்தில் டேங்க்கைப் பலூனாக்கிவிடும். இத்தனை நாள் வெடிக்காமல் இருந்ததற்கு, நிரப்பும்போது பக்கத்திலேயே நின்று 'போதும் போதும்' என்று கத்திய வண்டிக்காரர் மனைவிதான் காரணம். ஆகவே இறுக்கும் நிப்பிளை எடுத்துவிட்டு, 3 இன்ச் திறந்த வாய் வைத்தோம். ஓஸை உள்ளே சும்மா தொங்கவிட வேண்டும். கூடவே, மேலிருந்து 5 செ.மீ. கீழே பக்கச் சுவரில் ஒன்றேகால் இன்ச் வழிந்தோடும் குழாய் ஒன்று. நீர்மட்டம் அதைத் தொட்டால் வெளியே வழியும், அளவு தெரிந்துவிடும்.

மற்ற பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராமநாதபுரத்தில் பிபி வெல்டிங் தெரிந்த பட்டறையில் விரிசலையும் பழைய துளைகளையும் மூடி, மேல்தகட்டில் குறுக்காக இரண்டு பிபி பட்டை வைத்து விறைப்பாக்கினோம். புது நிப்பிளின் அடியையும் வெல்டிங்கே செய்தார்கள். மூடிக்கு உணவுக்கேற்ற சிலிக்கான் வாசர். நிப்பிளுக்கும் சிபிவிசி பைப்புக்கும் நடுவில் 10 செ.மீ. ரப்பர் ஓஸ் துண்டு: வண்டி குலுங்கும்போது விறைத்த பைப் நிப்பிளை ஆட்டி உடைக்காமல் இருக்க. கிளாம்ப் எல்லாம் எவர்சில்வர். சாதாரண கிளாம்ப் இந்தக் காற்றில் சில மாதம்தான்.

வெளிவாயில் கொசுவலை. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதால் இதை விட முடியாது. இரும்பு வலை துருத்துப் போகும், நைலான்தான். வலை பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் வாயில் ஒரு ரெட்யூசர் (இரண்டு அளவுக் குழாய்களை இணைக்கும் துண்டு) போட்டு 2 இன்ச்சாக அகலப்படுத்தி, அதில் வலையைக் கட்டினோம்.

முதல் ஓட்டத்தில் தெரிந்த என் தவறு

மறுபடி கோலமாவு, மறுபடி பாலம். மூடி, நிப்பிள், விளிம்பு மூன்றும் காய்ந்திருந்தன. ஏர் பைப்பிலிருந்து ஒரு சொட்டு வெளியே வரவில்லை. ஆனால் வண்டிக்கு அடியில் தாரை தாரையாகத் தண்ணீர். வழிந்தோடும் குழாயிலிருந்து வந்தது. திரும்பி வந்து அளந்ததில் ஆறேழு லிட்டர் போயிருந்தது.

நீளவாக்கில் நீர் ஆடுவதற்கு அவ்வளவு கணக்குப் போட்டவன், அகலவாக்கை மறந்துவிட்டேன். குழாய் இருப்பது பக்கச் சுவரில். 60 செ.மீ. அகலத்தில் வண்டி திரும்பும்போதோ காற்றில் ஆடும்போதோ 10க்கு 2 சாய்வு வந்தாலே அந்தச் சுவரில் தண்ணீர் 6 செ.மீ. ஏறும். குழாயின் வாய் நீர்மட்டத்தை ஒட்டியே இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சொம்பு வெளியே.

குழாயில் ஒரு பால் வால்வு (கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினால் திறந்து மூடும் வால்வு) போட்டால் போதும்: நிரப்பும்போது திறப்பது, ஓடும்போது மூடுவது. ஆனால் மறதி என்று ஒன்று இருக்கிறதே. காலை நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்கும் ஆளிடம் 'மறக்காதே' என்று சொல்வதில் பயனில்லை. இதற்கு வழி சொன்னது வண்டிக்காரர்தான். வால்வை நிரப்பும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, திறந்த நிலையில் அதன் கைப்பிடி வாய்க்குக் குறுக்கே நிற்கும்படி திருப்பிவைத்தார். வால்வை மூடினால்தான் வாயின் மூடியைத் திருகவே முடியும். மூடியைத் திருகாமல் யாரும் வண்டியை எடுக்கப்போவதில்லை. திறக்க மறந்து நிரப்பினால் வாய் வழியாகவே வழியும், தரை நனையும், அவ்வளவுதான். டேங்க்குக்கு ஆபத்தில்லை. எனக்குத் தோன்றாத யோசனை இது.

அதற்குப் பிறகு

பழைய லெவல் டியூப்பை வீணாக்காமல் ஏர் பைப்பில் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தேன். பம்பு ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. டேங்க் காலியாகும் வரை குழாய் ஒரே வேகத்தில் வந்தது. மேல்தகடு அசையவில்லை.

இரண்டரை மாதம் பிரச்சினை இல்லை. அப்புறம் ஆனி மாதக் காற்று வீசும் சமயத்தில் போன் வந்தது. குழாய் மறுபடி மெலிகிறது. போய்ப் பார்த்தேன். கொசுவலையின் மேல் அப்பளம் மாதிரி ஒரு படலம்: உப்பு, பொடிமணல், எண்ணெய்ப்பசை. எண்ணெய் எங்கிருந்து என்றால், அடுப்புப் புகை வெளியேறும் ஜன்னலுக்கு ஒன்றரை அடி பின்னால்தான் நான் வாயை வைத்திருந்தேன். நிற்கும்போது காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துப் புகை நேரே அதில் போய்ப் படிந்திருக்கிறது. புகையைத் தவிர்ப்பதற்காக வெளியே கொண்டுபோன பைப், வெளியே போய்ப் புகையையே பிடித்துக்கொண்டது.

வாயை எதிர்ச் சுவருக்கு மாற்ற மேடையைப் பிரிக்க வேண்டும். அதை அவர்கள் விரும்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. வலை கட்டிய ரெட்யூசரை ஒட்டாமல் கையால் கழற்றும்படி செய்து, மாற்றாக இன்னொன்றும் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வண்டி கழுவும்போது ஒன்றைக் கழற்றி வெந்நீரில் போட்டுவிட்டு மற்றதை மாட்டுகிறார்கள். அதற்குப் பிறகு குழாய் மெலியவில்லை.

இன்னொரு தடவை செய்தால்

டேங்க்கை ஆரம்பத்திலேயே என்னிடம் கேட்டிருந்தால் 120 செ.மீ. பக்கத்தை வண்டியின் குறுக்கே வைத்திருப்பேன். அப்போது பிரேக்கில் தண்ணீர் ஓடும் நீளம் 60 செ.மீ. ஆகிவிடும், 18 செ.மீ. ஏற்றம் 9 ஆகும். திருப்பத்தில் ஆட்டம் கூடும் என்பது உண்மை, ஆனால் இந்த ரோட்டில் திருப்பத்தை விடப் பிரேக்தான் அதிகம். உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடு ஒன்றையும் வெல்டிங் செய்யும்போதே வைக்கச் சொல்லியிருப்பேன். மூடிய டேங்க்கில் பின்னால் அதை வைக்க வழியில்லை. மேல்தகட்டுக்கு விறைப்புப் பட்டையும் முதலிலேயே.

ஏர் பைப்பின் வாயை முடிவு செய்வதற்கு முன் அடுப்பை ஏற்றி, ஒரு சாயங்காலம் வண்டியோடு நின்று புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்திருப்பேன். வண்டியைப் பட்டறையில் அடுப்பு இல்லாமல் பார்த்தேன், அதனால் தவறவிட்டேன். வழிந்தோடும் குழாயைப் பக்கச் சுவரில் வைப்பதற்கு முன் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி இரண்டு வாக்கிலும் ஆட்டிப் பார்த்திருந்தாலே போதும், அந்த ஆறேழு லிட்டர் மிச்சமாகியிருக்கும்.

இப்போதும் டேங்க்கின் வெளிப்புறத்தில் 5 செ.மீ. கோடு சிவப்பில் இருக்கிறது. பள்ளி விடுமுறை, பொங்கல் நாட்களில் அரியமானுக்குப் போகும்போது வால்வைத் திறக்காமலே கோட்டைத் தாண்டி நிரப்புகிறார்கள். அன்றைக்குப் பிரேக் போட்டால் மூடி ஓரம் கொஞ்சம் ஈரமாகும். கேட்டால், "தெரியும்ணே, அந்த முப்பத்தாறு லிட்டரும் அன்னைக்கு வித்துரும்" என்கிறார்.